அட்டையில் அச்சடித்த வேகம்

முத்துக்குளிப்புக் காலத்தில் தூத்துக்குடியில் சிப்பிகளைத் திறக்காமலே ஏலம் விட்டார்கள். ஆயிரம் சிப்பி இன்ன விலை. உள்ளே முத்தும் இருக்கலாம், வெறும் சதையும் இருக்கலாம். ஆனால் அரசாங்கம் ஒரு நியாயம் செய்தது. குளிப்புக்கு முன்பே சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்கு மதிப்புப் போட்டு அறிவித்தது. அங்கே கடைசிக் குளிப்பு 1961-ல். திறக்காமல் வாங்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டை அப்படித்தான் வாங்குகிறோம்.

வயரில் வரும் நெட்டை ரேடியோ அலையாக்கித் தரும் டப்பா அது. அதன் ஸ்பெசிஃபிகேஷன் தாளைப் படித்துப் பாருங்கள். ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் சாமர்த்தியம்.

முதலில் வேகம். 'ஏசி 1200' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300 மெகாபிட், 5-ல் 867. கூட்டினால் 1167. முழுசாக்கி 1200! உங்கள் போன் பொதுவாக ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். இரண்டு பஸ்களின் வேகத்தைக் கூட்டி டிக்கெட்டில் அச்சடிக்கிற கதை. அந்த 867-ம் ஏட்டுச் சுரைக்காய். ஒரு சேனலில் ஒரு சமயம் ஒருத்தர்தான் பேசலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் போகக் கைக்கு வருவது சுமார் பாதி. ஒற்றை ஆன்டெனா போன் என்றால் 433-ல் பாதி.

அடுத்தது சக்தி. 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட். 3 கூடினால் இரட்டிப்பு. 10 கூடினால் பத்து மடங்கு. ஆகவே 30 என்பது ஒரு வாட். 'நிறைய இருந்தா நல்லதுதானே' என்பீர்கள். கொடை விழா லவுட்ஸ்பீக்கர் ஊருக்கே கேட்கும். வாசலில் நின்று நீங்கள் 'சத்தத்தைக் குறைங்கப்பா' என்றால் அங்கே கேட்குமா? போனின் குரல் சின்னது. சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் பக்கம் திறக்காமல் சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது தூரம். '300 மீட்டர்' என்பது வெட்டவெளிக் கணக்கு. துறைமுகத்தில் கண்டெய்னர்கள் இரும்புச் சுவராக அடுக்கியிருக்கும். ஒரு பெட்டி சுமார் 2.6 மீட்டர் உயரம். நாலு அடுக்கினால் பத்து மீட்டர் தாண்டும். அலை அதில் பட்டுத் திரும்பும், பின்னால் நிழல் விழும். இன்று காலியான இடத்தில் நாளைக்குச் சுவர். எந்தத் தாளும் இதைச் சொல்லாது.

கடைசியாக ஐபி67. தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி கிடந்தாலும் தாங்கும். பலே. ஆனால் இந்த எண் உப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. உப்பளக் காற்று என்ன செய்யும் என்று தூத்துக்குடியில் எந்த சைக்கிள் செயினும் சொல்லும். உப்புத் தெளிப்புச் சோதனை, 'சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட்', தனி. அந்த வரி தாளில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் டப்பா நனையாமலே துருப்பிடிக்கும், கிளாம்ப்பும் கனெக்டரும் முதலில்.

கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸோ, உப்புக் குடோனோ, மீன் ஏலக் கூடமோ, பத்து டப்பா வாங்கி மாட்டிய பிறகு வருத்தப்படுவதில் லாபமில்லை. ஒன்றே ஒன்று இரவல் கேளுங்கள். மாட்டப்போகும் உயரத்திலேயே மாட்டுங்கள். இருப்பதிலேயே மோசமான மூலையில், கூட்டமான வேளையில், உங்கள் போனோடு போய் நின்று ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பாருங்கள், இறக்கியும் பாருங்கள். அங்கே கிடைக்கும் வேகம்தான் நீங்கள் வாங்கும் வேகம்.

கடைக்காரர் 'மாதிரியெல்லாம் தர்றதில்லை சார்' என்றால், சிப்பி விற்றவர்களே காட்டினார்கள் என்று சொல்லுங்கள்.