ஆரணிப் பட்டில் கட்டிய தூண்டில்

தூண்டிலைக் கடையில் வாங்காமல் நாமே செய்துகொள்வது நம் ஊருக்குப் புதிதல்ல. மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை. ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதற்கெல்லாம் செய்முறை தேவைப்பட்டதில்லை. ஆனால் ரீல் பொருத்தி, விராலுக்கு ரப்பர் தவளையை வீசி இழுக்கும் கோல் வேறு சங்கதி. அதன் பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு ‘நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்’ என்று இப்போது இணையத்தில் விற்கிறார்கள். அப்படி ஒரு கிட்டை வரவழைத்து, ஆரணிப் பக்கத்துச் சமணக் குன்றான திருமலையின் அடிவாரத்தில் உட்கார்ந்து கட்டிப் பார்த்தேன். அதிலிருந்த நைலான் நூலை ஒதுக்கிவிட்டு, பக்கத்திலேயே கிடைக்கும் ஆரணிப் பட்டு நூலைச் சுற்றினேன்.

பெட்டியில் இருந்தவை: கார்பன் இழையில் செய்த 7 அடி வெற்றுக்கோல் (பிளாங்க் என்பார்கள்), இரண்டு துண்டாக; ரீல் உட்காரும் ரீல் சீட்; நுரைப் பிடிகள்; நரம்பு ஓடும் கைடு வளையங்கள், நுனிக்குத் தனியாக ஒன்று; நூல்கண்டு; இரண்டு குப்பிகளில் எப்பாக்சி. செய்முறைத் தாள் ஒரே பக்கம், ஒரு படம்கூடக் கிடையாது. முதன்முறையாகக் கட்டுபவரை இது திணறடிக்கும்.

பிளாங்க் நன்றாகவே இருந்தது. அடிமுனையைத் தரையில் ஊன்றி, நுனியை ஒரு கையில் தாங்கி, நடுவே அழுத்தி உருட்டினால் கோல் ஒரு பக்கமாகத் துள்ளி நிற்கும். அந்தப் பக்கத்துக்கு ஸ்பைன் என்று பெயர். கைடுகளை ஸ்பைனை ஒட்டியே வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி அடித்துச் சொல்கிறது. எந்தக் கோலிலும் இயல்பாக மெல்லிய கோணல் ஒன்று இருக்கும், அது கண்ணுக்கு நேராகத் தெரியும்படி திருப்பிக் கட்டினால் போதும் என்பது எதிர்க்கட்சி. நான் எதிர்க்கட்சி. ஸ்பைன் கொஞ்சம் விலகினால் வீச்சில் எனக்கு எந்த மாற்றமும் தெரிவதில்லை. கோணல் கோல் எடுக்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தும்.

ரீல் சீட்டின் துளை பிளாங்கைவிடப் பெரிது. இடையில் மாஸ்கிங் டேப்பை வளையம் வளையமாகச் சுற்றி, வளையங்களுக்கு நடுவே எப்பாக்சி இறங்க இடம் விட்டுச் செருக வேண்டும். கைடுகளுக்குப் பழைய கணக்கு அடிக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று. ஆனால் கணக்கைவிடக் கோலின் வளைவுதான் முக்கியம். சைக்கிள் வால்வு டியூபை மெல்லிய வளையங்களாக நறுக்கி, அவற்றால் கைடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து வையுங்கள். நரம்பைக் கோத்து, நுனியில் எடையைத் தொங்கவிட்டுக் கோலை வளையுங்கள். நரம்பும் கோலின் வளைவை ஒட்டியே போக வேண்டும். எங்காவது கைடுக்குக் கைடு குறுக்கே வெட்டிப் போனால் அந்த இரண்டையும் நெருக்குங்கள். இதற்கு ஒரு மாலைப் பொழுதைத் தாராளமாகக் கொடுக்கலாம். கைடின் பாதமுனைகள் இந்தக் கிட்டில் மொட்டையாக இருந்தன. அரத்தால் சரிவாகத் தேய்க்காவிட்டால் நூல் ஏறாமல் வழுக்கும்.

இனி நூலுக்கு வருவோம். டூபாண்ட் நிறுவனம் 1938இல் நைலானை அறிவிக்கும்வரை தூண்டில் கட்டுவோருக்கு நூல் என்றால் பெரும்பாலும் பட்டுதான். கைடைக் கட்டியதும் பட்டு, ரீலில் சுற்றியதும் பட்டு, முள்ளுக்கு மேலே முடிந்த மெல்லிய நரம்பும் பட்டுப்புழுவின் சுரப்பியை இழுத்துச் செய்தது. கோலிலும் நம் மண்ணின் பங்கு உண்டு. 1840களில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரில் சாமுவேல் பிலிப் என்ற துப்பாக்கித் தொழிலாளி மூங்கிலைப் பட்டைகளாகப் பிளந்து ஒட்டித் தூண்டில் செய்தார். அந்தக் காலத்துப் பிளவு மூங்கில் கோல்களுக்குப் போனது ‘கல்கத்தா மூங்கில்’, அதாவது நம் வறண்ட காடுகளில் வளரும் கல் மூங்கில் இனம். சீனத்து டோன்கின் மூங்கில் வந்த பிறகுதான் அது பின்வாங்கியது. மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு நூலும், 1887இல் ஏரி குளங்களில் மீன் பிடிப்பதைப் பற்றித் தனியாக இன்னொன்றும் எழுதினார். ஆக, நம் ஏரிகளுக்கும் பட்டு சுற்றிய கோலுக்கும் பழைய உறவு உண்டு.

ஆரணியில் நூல் கேட்டபோது கடைக்காரரின் முதல் கேள்வி, “பாவுக்கா, ஊடைக்கா?” என்பதுதான். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. தூண்டில் என்றதும் சிரித்தார். “அப்போ பாவு எடுத்துக்குங்க சார், அதுலதான் முறுக்கு ஜாஸ்தி” என்றார். சரியான யோசனை. ஊடை நூலில் முறுக்கு குறைவு; இறுக்கிச் சுற்றினால் பஞ்சு கிளம்பும். பாவு நூல் வழுவழுவென்று படிகிறது. ஆனால் ஒற்றைப் பாவு நூல் கிட்டில் வந்த நைலானில் பாதிப் பருமன்தான் இருக்கும்; ஒரு கைடைச் சுற்றி முடிப்பதற்குள் கழுத்து இறுகிவிடும். சில இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூலாகக் கேட்டு வாங்குங்கள்.

சுற்றுவது கடினமில்லை. நூலின் முனையை அதன் மேலேயே குறுக்கே போட்டுப் பிடித்து, கோலை உருட்ட உருட்ட நூல் தானாக ஏறும். நூல்கண்டைக் குவளையில் போட்டு, நூலைக் கனமான புத்தகத்தின் நடுவே விட்டு இழுத்தால் இறுக்கம் சீராகக் கிடைக்கும். தனிக் கருவி வேண்டாம். முடிக்கும் முன் ஒரு நூல் வளையத்தைச் சேர்த்துச் சுற்றி, வெட்டிய முனையை அதில் கோத்து உள்ளே இழுத்துவிட வேண்டும். அங்கே முடிச்சு கிடையாது. பட்டு இந்த வேலையில் நைலானை எளிதாக வெல்கிறது: இழைகள் ஒன்றையொன்று அணைத்துப் படிகின்றன, இடைவெளி தெரிவதில்லை.

எப்பாக்சி பூசியதும்தான் பட்டு வேறு முகம் காட்டும். நூல் திரவத்தைக் குடித்துக் கண்ணாடிபோல் ஆகிவிடும். அரக்குச் சிவப்பு கருத்து, காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்குப் போகிறது. வெள்ளைப் பட்டு கிட்டத்தட்ட மறைந்து, கைடின் பாதம் வெளியே தெரிகிறது. பழைய கைவினைஞர்கள் இதை வேண்டுமென்றே செய்தார்கள். நிறம் மாறக் கூடாது என்றால் முதலில் நிறம் காக்கும் திரவத்தைப் பூசிக் காயவிட வேண்டும். எனக்கு அந்த ஆழ்ந்த சிவப்பே பிடித்திருக்கிறது. ஓரத்தில் இரண்டு மூன்று சுற்று ஜரிகை போட்டால் அது மட்டும் நிறம் மாறாமல் மின்னும். ஜரிகை அலங்காரத்துக்கு மட்டுமே. கைடைப் பிடித்து நிற்கும் வலு அதற்கு இல்லை.

எப்பாக்சியைச் சம அளவில், சிரிஞ்சால் அளந்துதான் கலக்க வேண்டும். கண்மதிப்பில் ஊற்றினால் என்றைக்கும் பிசுபிசுக்கும். ஆரணி வெயிலில் கலவை மளமளவென்று கெட்டியாகிவிடும், ஆகவே விடியற்காலை வேலை. மழைக்காலத்து ஈரக்காற்றில் மேல்பூச்சு மங்கும், ஐப்பசியைத் தவிர்த்துவிடுங்கள். பூசிய கோலைச் சில மணி நேரம் மெதுவாகச் சுழலவிடாவிட்டால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். அதற்கென்று விற்கும் மோட்டாரை வாங்க வேண்டியதில்லை. மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் சிறு மோட்டார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று, இந்த வேலைக்குப் போதும். 230 வோல்ட்டில் ஓடுவது, இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

நான் உட்கார்ந்து கட்டிய அந்தத் திருமலையின் மேல் 16 அடி உயர நேமிநாதர் நிற்கிறார். தன் திருமண விருந்துக்காக அடைத்து வைத்திருந்த விலங்குகளின் ஓலம் கேட்டுத் துறவு பூண்டவர் என்று சமண மரபு சொல்லும் தீர்த்தங்கரர். அவருடைய காலடியில் மீன்பிடிக் கருவியை, அதுவும் புழுவைக் கொன்று எடுத்த பட்டால் கட்டுவதை என்னால் நியாயப்படுத்த முடியாது. முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டு வீசுகிறேன், பிடிபட்டதை விட்டுவிடுகிறேன், அவ்வளவுதான் முடிகிறது.

கோல் எப்படி? தவளையைப் புல்லோரம் குறிபார்த்துப் போட முடிகிறது, விரால் கவ்வியதும் அடியில் போதுமான வலு இருக்கிறது. கட்டுகள் அசையவில்லை. ஆனால் பணம் மிச்சமாகும் என்று இதில் இறங்காதீர்கள்: கிட்டுக்குக் கொடுத்த விலையில் நடுத்தரமான ஆயத்தக் கோலும் ரீலும் சேர்த்தே வாங்கியிருக்கலாம். கிட் வாங்குவதைவிடப் பாகங்களைத் தனித்தனியாக எடுப்பது மேல். முதல் கோலுக்குக் கார்பன் வேண்டாம்; கண்ணாடியிழை பிளாங்க் சற்றுக் கனம், ஆனால் கதவிடுக்கில் சிக்கினாலும் தாங்கும். காசை நல்ல கைடுகளில் போடுங்கள். விராலுக்கும் கெண்டைக்கும் பட்டு நூல் போதும். கடலில் பெரிய மீனுக்கு என்றால் தடித்த நைலானே சரி.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நம் ஏரிகள் பலவற்றில் மீன் பாசி குத்தகைக்குப் போயிருக்கும். புதுக்கோலோடு கரையில் இறங்கும் முன் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.