எழுதுபவளின் அதிகாரம்

வோல்ற்றர் சாலெஸ் நெறிப்படுத்திய பிறேசிலியத் திரைப்படமான ‘சென்றல் ஸ்ரேஷன்’ (1998), முதியவளொருத்திக்கும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கும் இடையே முகிழ்க்கும் நட்பைச் சித்திரிப்பது. அந்நட்பை எழுத்தறிவின்மை என்னும் சமூகப் பிரச்சினையிலிருந்து பிரித்து நோக்குதல் பொருந்தாது.

ஓய்வுபெற்ற ஆசிரியையான டோறா, றியோ டி ஜெனீரோப் புகையிரத நிலையத்தில், எழுத்தறியாதார் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிப் பிழைப்பவள். காசைப் பெற்றுக்கொள்கிறாளேயன்றிக் கடிதங்களைத் தபாலிற் சேர்ப்பதில்லை. சில கிழிபடுகின்றன, ஏனையவை மேசை இலாச்சியுள் முடங்குகின்றன. விபத்தில் தாயை இழந்த ஜொசுவேயையும் அதே மனப்பாங்குடன் விற்றுத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்குகிறாள். பின்னர் அவனை மீட்டு, தந்தையைத் தேடி வடகிழக்குக்கு அழைத்துச் செல்கிறாள். (சிறுவனை வாங்கியோரைப் படம் இத்துணை எளிதில் மறந்துவிடுவது குறைபாடே.)

தந்தை அங்கில்லை, அவர் விட்டுச்சென்ற கடிதம் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத அண்ணன்மாருக்கு டோறா அதனை வாசிக்கிறாள். பிள்ளைகளின் பெயர்கள் வருமிடத்துச் சற்றுத் தயங்கி, ஜொசுவேயின் பெயரையும் சொல்கிறாள். அப்பெயர் தாளில் இல்லை என்பதைப் பெர்னாண்டா மொன்தெனேக்றோவின் முகமே நமக்கு உணர்த்துகிறது. நிலையத்தில் ஏழைகளின் சொற்களை அழித்த அதே அதிகாரமே இங்கு ஒரு சொல்லைக் கூட்டுகிறது. நாம் நெகிழ்கிறோம். ஆயினும், கடிதத்தில் உண்மையில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை அவ்விளைஞர்கள் அறிவதற்கு வழியேதும் இல்லை.