1440 மணி நேரம்

நெவில் ஷூட் என்றால் நம் ஊரில் 'எ டவுன் லைக் ஆலிஸ்' நாவல்தான். ஜப்பான்காரன் காலத்து மலாயா, ஊர் ஊராக நடக்கவிட்டே சாகடிக்கப்படும் வெள்ளைக்காரப் பெண்கள். (சுமத்ராவில் கேள்விப்பட்ட டச்சுப் பெண்களின் கதையைத்தான் மனுஷன் இங்கே தூக்கிக்கொண்டு வந்தார்.) நானும் அந்த வழியாகத்தான் அவரிடம் போனேன். மாட்டிக்கொண்டது வேறு இரண்டு நாவல்களில். 'நோ ஹைவே', 'ஆன் த பீச்'.

முழுப்பெயர் நெவில் ஷூட் நார்வே. விமான எஞ்சினியர். 1926இல் முதல் நாவல் வந்தபோது, கதை எழுதுகிறவன் போடும் கணக்கை எவன் நம்புவான் என்ற பயத்தில் நார்வேயை வெட்டிவிட்டார். இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நான் இங்கே எழுதுவது என் ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

ஆர்100 என்ற ஆகாயக் கப்பலுக்குப் பளுக் கணக்குப் போடுவதுதான் அவருடைய வேலை. கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒரே ஒரு சட்டத்தின் கணக்கை முடிக்க மாதக்கணக்கில் ஸ்லைட் ரூலோடு உட்கார்ந்திருப்பார்கள். முடிவில் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தி வரும்போது கிடைக்கும் நிறைவை, 1954இல் வந்த சுயசரிதையில் கிட்டத்தட்ட ஒரு மத அனுபவம் போலவே சொல்கிறார். அதே புத்தகத்தில், அரசாங்கக் குழு கட்டிய ஆர்101 விழுந்து 48 பேர் இறந்ததைப் பற்றியும் எழுதுகிறார். அந்த அத்தியாயங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. எழுதியவர் போட்டிக் குழுவின் ஆள். ஆனால் அந்தக் கோபம் புரியாமல் 'நோ ஹைவே' புரியாது.

1948இல் வந்த அந்த நாவலில் ஹனி என்று ஓர் ஆராய்ச்சியாளர். புதுசா ஓட ஆரம்பித்த ரெயின்டீர் விமானத்தின் வால், உலோகச் சோர்வால் 1440 மணி நேரத்தில் முறியும் என்பது அவருடைய கணக்கு. அதே ரக விமானத்திலேயே பயணம் போக நேர்கிறது. கேன்டரில் இறங்கியதும், மறுபடி பறக்க விடாமல் தடுக்க, சக்கரங்களை மடக்கும் லீவரை இழுத்துவிடுகிறார். நின்றுகொண்டிருந்த விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிடுகிறது.

ஆறு வருஷம் கழித்து, 1954 ஜனவரியில், சிங்கப்பூரிலிருந்து லண்டன் கிளம்பிய காமெட் விமானம் ரோமைத் தாண்டியதும் எல்பா தீவுக்கருகே கடலில் சிதறியது. ஏப்ரலில் இன்னொன்று. காரணம் உலோகச் சோர்வு. உடனே ஷூட்டைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட்டார்கள். எனக்கு இந்தப் பட்டம் பிடிக்கவில்லை. நாவலில் முறிவது வால்; காமெட்டில் கிழிந்தது காற்றழுத்தம் ஏற்றிய உடல். விஷயம் தெரிந்த ஒரு வேலைக்காரன், எங்கே யாரும் பார்க்காமல் இருக்கிறார்கள் என்று காட்டினான். தீர்க்கதரிசி என்று சொல்லிவிட்டால், பார்க்காமல் விட்டவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு அந்த நாவலோடு உள்ள சண்டை வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பம்பின் அடிச்சட்டத்தில் வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல் பார்த்தேன். அடுத்த ஷட்டவுன் வரை தாங்காது என்று கணக்கோடு எழுதிக் கொடுத்தேன். "கணக்கெல்லாம் சரிதான் தம்பி, ஆனா இதுவரைக்கும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" என்றார் மேலே இருந்தவர். அந்த வரியை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பம்ப் ஷட்டவுன் வரை ஓடியது. ஒன்றுமே ஆகவில்லை. என் கணக்குத் தப்பா, இல்லை அதிர்ஷ்டமா, இன்றுவரை தெரியாது.

ஹனிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவரை நம்பும் மேலதிகாரி இருக்கிறார். காட்டில் விழுந்த வால் துண்டு எங்கே கிடக்கிறது என்பதை, மகளை வைத்து ஆவி எழுத்தில் கண்டுபிடிக்கிறார்கள்! ஸ்லைட் ரூல் மனுஷன் செய்கிற காரியமா இது? ஹனி சொன்னது சரி என்று காட்டியே ஆகவேண்டும் என்ற அவசரத்தில் ஷூட் கள்ளாட்டம் ஆடுகிறார்.

1953இல் வந்த 'இன் த வெட்' இன்னும் மோசம். வருங்கால ஆஸ்திரேலியாவில் தகுதிக்கு ஏற்ப ஒருவருக்கு ஏழு ஓட்டு வரை. மனிதர்களையும் சட்டம், போல்ட் மாதிரி எடைபோட்டுவிடலாம் என்று நம்பிய எஞ்சினியரின் ஆசை அது. நம்மில் பலருக்கும் உள்ளுக்குள் இருக்கிற ஆசைதான்.

இதனால்தான் 1957இல் எழுதிய 'ஆன் த பீச்' என்னை உலுக்கியது. வடக்கே அணுப்போர் முடிந்துவிட்டது. கதிர்வீச்சு மெல்பர்னை எப்போது எட்டும் என்பதும் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. இங்கேயும் ஒரு கணக்குத்தான், ஆனால் இழுக்க லீவர் இல்லை. கணக்குத் தப்பாக இருக்குமோ என்ற நப்பாசையில் நீர்மூழ்கிக் கப்பலில் வடக்கே போய் அளந்து பார்க்கிறார்கள். தப்பில்லை. சியாட்டில் பக்கமிருந்து அர்த்தமில்லாமல் வந்துகொண்டிருந்த ரேடியோ சமிக்ஞையைத் தேடி ஒருவன் கரை ஏறுகிறான். காற்றில் ஆடும் ஜன்னல் சட்டம் ஒன்று தந்திச் சாவியில் பட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆவியும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை.

நாவலில் ஒரு தம்பதி, தாங்கள் பார்க்கப்போகாத அடுத்த வருஷப் பூக்களுக்காகத் தோட்டம் திட்டமிடுகிறார்கள். இதை அசட்டுத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது வாசிப்பின்போது, நடுவில் புத்தகத்தை மூடிவிட்டு பழைய லேப்டாப்பைத் திறந்து அந்தப் பம்ப் கணக்கை மறுபடி போட ஆரம்பித்தேன். பம்பைக் கழற்றி வீசி மூன்று வருஷம் ஆகிறது.