திறவுகோலும் காவலும்: அடையாளக் காப்பு மென்பொருள்கள் பற்றி ஓர் ஒப்பாய்வு

வீட்டுக்குப் பூட்டு வாங்கச் செல்பவன் அதன் கனத்தைக் கையில் தூக்கிப் பார்க்கிறான், விலையைக் கேட்கிறான், பெயர்பெற்ற நிறுவனத்தின் பூட்டா என்று விசாரிக்கிறான். அதற்கு எத்தனை திறவுகோல்கள் உண்டு, அவை எவரெவர் கையில் இருக்கப்போகின்றன, வேலையை விட்டுச் செல்லும் பணியாள் தன்னிடம் இருந்ததைத் திருப்பித் தந்தானா என்னும் வினாக்கள் அவன் நெஞ்சில் எழுவதில்லை. களவு நிகழ்ந்த பின்னரே அவை எழுகின்றன. பூட்டு உடையாமலே பொருள் போயிற்று என்பது அப்பொழுதுதான் தெரியவரும்.

இக்காலத்து வணிக நிலையங்கள் தம் கணினிகளுக்குக் காவல் தேடும் முறையும் இத்தகையதே. ஊழியரின் அடையாளத்தைச் சரிபார்த்து உள்ளே விடும் மென்பொருள்கள் பல உள. அவருள் சிலருக்கு மட்டும் உரிய உயர்ந்த அதிகாரத்தைக் காக்கும் மென்பொருள்களும் பல உள. விற்பனையாளர் வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணைகளில் வசதிகள் வரிசையாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றன் எதிரிலும் சரிக்குறி இடப்பட்டிருக்கும். எல்லாப் பொருளும் ஏறக்குறைய எல்லாக் குறியும் பெற்றுவிட்ட இந்நாளில் அவ்வட்டவணை எதனையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. வேறோர் அளவுகோல் வேண்டும். அஃது எது என்பதும், அதனால் அளந்தால் இப்பொருள்கள் எவ்வாறு நிற்கின்றன என்பதும் ஆராயத்தக்கன.

இருவேறு பணிகள்

திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்பதனை 51-ஆம் அதிகாரமாகவும், 'தெரிந்து வினையாடல்' என்பதனை 52-ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். ஒருவன் எத்தகையவன் என ஆராய்ந்து தெளிவது ஒன்று; தெளிந்தபின் அவனுக்கு ஏற்ற வினையில் அவனை அமர்த்துவது மற்றொன்று. கணினிக் காவலிலும் இவ்விரண்டும் வேறு வேறு பணிகளே. வந்தவர் யார் எனக் காண்பது அடையாளச் சரிபார்ப்பு. அவர் எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என வரையறுப்பது உரிமை வழங்கல். இவ்விரண்டையும் ஊழியர் அனைவர்க்கும் செய்வது அடையாள மேலாண்மை எனப்படும்.

இதனினும் நுட்பமானது சிறப்புரிமை மேலாண்மை. தோட்டத்து அலுவலகத்தை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பெயர்ப் பதிவில் உள்ள எவரும் அலுவலகத்துள் வந்து போகலாம். இரும்புப் பெட்டியின் சாவி மட்டும் ஓரிருவர் கையில் இருக்கும். பெயர்ப் பதிவைச் செம்மையாக வைத்திருப்பது முதலாவது பணி. பெட்டிச் சாவியைக் காப்பது இரண்டாவது பணி. கணினியில் 'நிர்வாகி' எனப்படும் கணக்கே அந்தச் சாவி. அதனைப் பெற்றவர் புதிய கணக்குகளைத் தோற்றுவிக்கலாம். தகவல் முழுவதையும் படியெடுக்கலாம். தாம் வந்து சென்ற சுவட்டையும் அழிக்கலாம். ஆதலின் ஊடுருவுவோர் நாடுவது அதனையே.

சிங்கப்பூர் பெற்ற படிப்பினை

இவ்வுண்மையைச் சிங்கப்பூர் 2018-இல் பெருவிலை கொடுத்து உணர்ந்தது. சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்துள் புகுந்தவர்கள் அவ்வாண்டு ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்களைக் கவர்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 1,60,000 பேர் பெற்ற மருந்துகளின் விவரமும் உடன் சென்றது. அந்நாளில் பிரதமராயிருந்த லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடக்கம்.

முன்னாள் தலைமை மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2019 ஜனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. அதில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நிர்வாகிகள் சர்வர்களுள் நுழைய ஈரடுக்குச் சரிபார்ப்பு முறை இருந்தது. ஆனால் அதுவே ஒரே வழி என்று கட்டாயமாக்கப்படவில்லை. சரிபார்ப்பு வேண்டாத வேறு வழிகள் திறந்தே கிடந்தன. பகைவர் அவ்வழியே சென்றனர். எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லைக் கொண்ட நிர்வாகிக் கணக்கு ஒன்றும், எவரும் பயன்படுத்தாமல் முழு அதிகாரத்தோடு உறங்கிக்கிடந்த கணக்கு ஒன்றும் அவர்க்குத் துணையாயின. முன்வாயிலில் காவல் இருந்தது. பக்கவாயிலை எண்ணிப் பார்த்தவர் இல்லை. சிறப்புரிமைக் கணக்குகளை இறுக்கமான கட்டுப்பாட்டிலும் கண்காணிப்பிலும் வைத்தல் வேண்டும் என்பது குழுவின் முதன்மைப் பரிந்துரைகளுள் ஒன்றாயிற்று. கணினிப் பணிகளை ஏற்றிருந்த ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியிலிருந்து மூன்று வினாக்கள் பிறக்கின்றன. ஒன்று: சென்றவரின் கணக்கு அவரோடு மூடப்படுகிறதா? இரண்டு: மறந்துபோன கணக்குகளைத் தேடிக் காட்டிப் பக்கவாயில்களை இம்மென்பொருள் அடைக்கிறதா? மூன்று: காவலனே வீழ்ந்தால் என் செய்வது? இம்மூன்றுமே உரிய அளவுகோல்.

ஒப்பீடு

முதற்கண் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் என்ட்ரா ஐடியை எடுத்துக்கொள்ளலாம். முன்னர் அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரி என வழங்கிய இது 2023-இல் இப்பெயர் பெற்றது. அந்நிறுவனத்தின் மின்னஞ்சலையும் ஆவணங்களையும் ஏற்கெனவே பயன்படுத்தும் அலுவலகங்களுக்கு இது கைக்கு எட்டியது. இதன் சிறப்பு, நிலையான நிர்வாகியை இல்லாமற் செய்ய வல்லது என்பதே. ஊழியர் காரணம் கூறி அதிகாரத்தைக் கேட்கலாம்; மேலாளர் ஒப்புதல் தரலாம்; குறித்த நேரம் கழிந்ததும் அதிகாரம் தானே நீங்கிவிடும். கொடுத்ததைத் திரும்பப் பெறும் ஏற்பாடு இதில் பொருளோடு பிறந்திருக்கிறது. எனினும் இவ்வசதி உயர்விலை உரிமத்தில்தான் கிடைக்கும். அன்றியும் இதன் வலிமை தன் வீட்டுக்குள்ளேதான் மிகுதி. பழைய சர்வர்களிலும் பிற கருவிகளிலும் உள்ள தனிக் கணக்குகளுக்கு வேறு துணை வேண்டும்.

2009-இல் தோன்றிய ஆக்டா எந்தப் பெருநிறுவனத்தின் பொருளோடும் கட்டுண்ணாதது. ஆயிரக்கணக்கான செயலிகளோடு இணையும் ஆற்றல் அதன் பெருமை. பணியாளர் பதிவில் ஒருவர் பெயர் நீக்கப்பட்டதும் இணைந்துள்ள செயலிகளிலும் அவர் கணக்கு மூடப்படுமாறு செய்யலாம். முதல் வினாவுக்கு இது நல்ல விடை. இணையாத செயலியில் உள்ள கணக்கை இஃது அறியாது என்பதை மறத்தலாகாது. சிறப்புரிமைக் காப்பு இதில் 2023-இல்தான் சேர்க்கப்பட்டது. அத்துறையில் இஃது இளையது.

1999-இல் இஸ்ரேலில் தோன்றிய சைபர்ஆர்க் சிறப்புரிமைத் துறையில் மூத்தது. நிர்வாகியின் கடவுச்சொல் பெட்டகத்தில் பூட்டப்படும். வேண்டும்போது பெட்டகமே அவரைச் சர்வரோடு இணைப்பதால் அவர் அதனைக் கண்ணால் காணாமலே வேலை செய்யலாம். அவர் செய்தன அனைத்தும் பதிவாகும். வேலை முடிந்தபின் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். ஒளிந்து கிடக்கும் நிர்வாகிக் கணக்குகளைத் தேடிப் பட்டியலிடும் வசதியும் உண்டு. இரண்டாம் வினாவுக்கு இதனினும் விரிந்த விடை அரிது. ஆனால் நிறுவுவதும் பேணுவதும் கடினம். பயின்ற ஆள்கள் வேண்டும். பாதி நிறுவி நிறுத்திய பெட்டகம் பெட்டகமே இல்லாமையினும் தீது. காவல் இருக்கிறதென்ற பொய்யான மனநிறைவை அது தந்துவிடும். இந்நிறுவனத்தை ஏறத்தாழ 2,500 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கப்போவதாகப் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் 2025 ஜூலையில் அறிவித்தது. பெட்டகம் கைமாறுகையில் விலையும் பராமரிப்பும் மாறக்கூடும்; நெடுநாள் ஒப்பந்தம் செய்வோர் இதனை எழுத்தில் கேட்டுப் பெறுதல் நன்று.

தைக்காட்டிக், சென்ட்ரிஃபை என்னும் இரு நிறுவனங்கள் 2021-இல் ஒன்றாகிப் பின் டெலினியா எனப் பெயர்கொண்டன. அதன் சீக்ரெட் சர்வர் அதே பெட்டகப் பணியை எளிய முறையில் செய்வதால் நடுத்தர நிறுவனங்களுக்கு ஏற்றது எனலாம். பியாண்ட்டிரஸ்ட், வெளியூர்ப் பழுதுபார்ப்போரைத் தொலைவிலிருந்து கட்டுப்பாட்டோடு உள்ளே விடுவதில் பெயர்பெற்றது.

2014-இல் ரெட் ஹேட் நிறுவனத்தில் தோன்றிய கீகிளோக், மூல நிரல் அனைவர்க்கும் திறந்த மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை. ஆயின் புதுப்பித்தலும் பழுதுநீக்கலும் பயன்படுத்துவோர் பொறுப்பு. இஃது அடையாளத்தைக் காப்பதேயன்றிப் பெட்டகம் அன்று. இலவசம் என்ற சொல்லில் ஆள்களின் உழைப்பு அடங்கவில்லை என்பதை வாங்குவோர் உணர்தல் வேண்டும்.

காவலர்க்கும் காவல்

மூன்றாம் வினாவுக்கு வருங்கால் எல்லாப் பெருமையும் சற்றுத் தாழ்கிறது. 2023-இல் ஆக்டாவின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுள் ஊடுருவல் நிகழ்ந்தது. அங்கிருந்த சேவைக் கணக்கு ஒன்றன் கடவுச்சொல், ஊழியர் ஒருவரின் தனிப்பட்ட கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது. அவ்வூடுருவலை ஐயுற்று அக்டோபர் 2-ஆம் நாளே ஆக்டாவுக்கு அறிவித்தது பியாண்ட்டிரஸ்ட். அதே பியாண்ட்டிரஸ்டின் தொலையுதவிச் சேவைக்குரிய திறவுகோல் ஒன்று 2024 டிசம்பரில் பகைவர் கைப்பட்டு, அதன் வழியே அமெரிக்க நிதித்துறையின் கணினிகள் சில எட்டப்பட்டன. இடையே 2024 ஜனவரியில் மைக்ரோசாப்ட் தன் உயர் அலுவலர் சிலரின் மின்னஞ்சலே படிக்கப்பட்டதை வெளியிட்டது. சோதனைக்காக முன்பு உண்டாக்கி, ஈரடுக்குச் சரிபார்ப்பு இன்றி விடப்பட்ட பழைய கணக்கொன்றே அங்கு நுழைவாயில்.

இவற்றைக் கூறுவது அந்நிறுவனங்களை இகழ்வதற்கன்று. அவை தம் குறையைத் தாமே வெளியிட்டமையால்தான் உலகம் கற்க முடிந்தது. ஆயினும் மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. நாள்தோறும் பணிக்கு வந்து செல்லும் ஊழியரின் சொந்தக் கணக்கு எதிலும் முதல் வாயிலாகவில்லை. இயந்திரத்துக்கு உரிய கணக்கு, இயந்திரத்துக்கு உரிய திறவுகோல், எவரும் நினையாத பழைய கணக்கு ஆகியவையே வாயிலாயின. 2021-இல் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாய் நின்றதும் இவ்வாறே. வழக்கொழிந்த கணக்கொன்றும் ஒற்றைக் கடவுச்சொல்லும் போதுமாயின. நிறுவனம் 44 இலட்சம் டாலர் கப்பம் கட்டியது. உரியவர் இல்லாத திறவுகோலுக்குக் காவலும் இல்லை.

மறுப்பும் விடையும்

இத்தனை கட்டுப்பாடும் வேலையைத் தடுக்கும் என்பார் உளர். நள்ளிரவில் மருத்துவமனைச் சர்வர் நின்றுவிட்டால் நிர்வாகி ஒப்புதலுக்குக் காத்திருத்தல் இயலுமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வியே. இதற்கென அவசரக் கணக்கு ஒன்றை முத்திரையிட்டு வைத்திருத்தல் முறை. அதனைத் தொட்டவுடன் பொறுப்பாளர் பலர்க்கும் எச்சரிக்கை செல்லவேண்டும். பயன்பட்டபின் அதன் கடவுச்சொல் மாறவேண்டும். தீயணைக்கும் கருவியைக் கண்ணாடிக்குள் வைப்பது போன்றது இது.

விலை பற்றிய குறைபாடு இதனினும் வலியது. பல செயலி நிறுவனங்கள் ஒற்றை நுழைவு இணைப்பையும், கணக்கைத் தானே மூடும் வசதியையும் தம் உயர்விலைத் திட்டத்தில் மட்டுமே தருகின்றன. 10 பேர் வேலை செய்யும் கடைக்கு அவ்விலை எட்டாது. கதவை விற்றுவிட்டுத் தாழ்ப்பாளுக்குத் தனிவிலை கேட்பது முறையன்று. சட்டமோ எதிர்த்திசையில் செல்கிறது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிமுறைப்படி 2020 ஆகஸ்டு முதல் நிதி நிறுவனங்கள் நிர்வாகிக் கணக்குகளைக் காத்தே ஆகவேண்டும். மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டமும் 2024 ஆகஸ்டு 26 முதல் நடப்புக்கு வந்தது. கடமை மிகும்போது கருவியின் விலையும் எளியோர்க்கு எட்டவேண்டுமன்றோ!

முடிவு

மைக்ரோசாப்ட் கட்டமைப்பில் இயங்கும் அலுவலகத்துக்கு என்ட்ரா போதிய தொடக்கம். பல செயலிகளைக் கலந்து ஆளும் நிறுவனத்துக்கு ஆக்டா பொருந்தும். மருத்துவமனை, வங்கி போன்றவற்றுக்குச் சைபர்ஆர்க் அல்லது டெலினியா வகைப் பெட்டகம் தவிர்க்கவொண்ணாதது. தொழில்நுட்பம் அறிந்த சிறு குழுவுக்குக் கீகிளோக் தகும். ஆனால் எதனை வாங்கினும் வாங்குமுன் செய்யவேண்டியது ஒன்றே. உள்ள கணக்குகள் அனைத்தையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றன் எதிரிலும் ஒரு மனிதரின் பெயரை எழுதுக. பெயர் எழுத இயலாத கணக்கை மூடுக. இதற்கு உரிமமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

2018 ஜூலை 4-ஆம் நாள் சிங்ஹெல்த் தரவுத்தளத்தில் வழக்கத்துக்கு மாறான வினவல்களைக் கண்டு, ஐயுற்று, அவற்றைத் தடுத்து நிறுத்தியவர் தரவுத்தள நிர்வாகி ஒருவர். அவர் கடமையில் கண்ணாயிராவிடில் இழப்பு இன்னும் பெருகியிருக்கும். மென்பொருள் காவலனுக்குக் கைவிளக்கு ஆகலாம். விழித்திருப்பது காவலன் கடன்.