ஆடி மழையில் வால்பாறை பஸ்

ஆடி மாதத்தில் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்கள். அதுவும் முன்சீட்டில், டிரைவரின் கையும் காலும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து. நான் சொக்கிப்போய்விட்டேன்!

மொத்தம் சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டினால் எண் போட்ட 40 கொண்டை ஊசி வளைவுகள். வெயில் நாளில் 9-வது வளைவில் நின்றால் ஆழியாறு அணை கீழே விரிந்து கிடக்கும். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டாலோ, அணையாவது ஒன்றாவது, முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கே தெரியாது.

எங்கள் டிரைவர் அண்ணன் கிளம்பும் முன்பே புகையிலையை நனைத்துக் கசக்கி, முன்கண்ணாடி முழுக்கத் தேய்த்துவிட்டார். தேய்த்தால் மழைத்துளி முத்து முத்தாக நிற்காமல் வழிந்துவிடுமாம். அப்படியே வழிந்தது! அட்டகட்டியை நெருங்கும்போது மூடுபனி. சட்டென்று ஹெட்லைட்டை டிம் பண்ணினார். "பிரைட் போட்டா வெளிச்சம் பனியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வருமுங்க" என்றார், ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமலே. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நீளமாக ஒரு ஹாரன். பிறகு காதைத் தீட்டிக் கேட்பார். பதில் ஹாரன் வந்தால்தான் அடுத்த முடிவு.

இறக்கத்தில்தான் உண்மையான வித்தை. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. ஓரிடத்தில் மண்ணும் கல்லும் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. கண்டக்டர் கொட்டும் மழையில் இறங்கி, ரோட்டோரத்தைக் காலால் மிதித்து, உறுதிதான் என்று தெரிந்தபின் விசில் கொடுத்தார். பஸ் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. எனக்கு உயிர் கையில். எஸ்டேட் அம்மாக்களோ மடியில் பையை வைத்துக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு நம்பிக்கையைச் சம்பாதித்தவர்கள் இந்த டிரைவர்கள்!

மழைக்காலத்தில் அந்தப் பக்கம் காரில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விளக்கை டிம்மிலேயே வையுங்கள். இறங்கும்போது எதிரில் பஸ் ஏறி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். மலைப்பாதையில் ஏறுகிறவருக்குத்தான் முதல் வழி.