அனிகட்: ஊர் திரும்பிய ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'அனிகட்' என்றொரு சொல் இருக்கு. காதில் விழுந்ததுமே தெரிந்துவிடும், நம்ம அணைக்கட்டுதான். யூலும் பர்னெலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இதைத் தமிழ்ச் சொல் என்று சரியாகவே பதிகிறது. ஆற்றின் குறுக்கே கட்டி வாய்க்கால்களுக்கு நீர் தருவது என்ற விளக்கத்திலும் தப்பில்லை. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவராச்சே.

என் குறை வேறு. சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் பதிவு, வழியில் பொருள் சுருங்கிப்போனதைச் சொல்லவில்லை. தமிழில் எல்லா அணையும் அணைக்கட்டுதான், மேட்டூரும் அணைக்கட்டு. ஆங்கில அனிகட்டுக்குப் பெரிதாகத் தேக்கும் வேலை இல்லை. ஆற்று மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பும். மிச்சம் மேலே வழிந்து போகும். இலங்கையிலும் இதே பொருளில்தான் புழங்குகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. எங்க மாவட்டத்தில் ஓடும் தென்பெண்ணையையே எடுத்துக்குங்க. மேலே சாத்தனூர் அணை: 119 அடி, சுமார் 7.3 டிஎம்சி. கீழே திருக்கோவிலூர் அணைக்கட்டு, அது அனிகட். 2024 டிசம்பர் வெள்ளத்தப்போ, "அணைக்கட்டுல தண்ணிய நிறுத்தியிருக்கலாமே" என்று களமருதூரில் ஒருவர் என்னிடம் கேட்டார். சாத்தனூரைப் பற்றி என்றால் அது விவாதிக்க வேண்டிய கேள்வி. திருக்கோவிலூரில் நிறுத்த இடமே கிடையாது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் அவர் என்ன செய்வார்?

அனிகட்டைத் தமிழில் எழுதுகிறவர்கள் பழைய சொல்லோடு நிறுத்தாமல், 'தேக்காது, திருப்பும்' என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் போதும்.