உரைநூற் பதிப்பும் வாக்கிய இடைவெளியும்

உரைநூல்களை அச்சிடுவோர் எழுத்துப் பிழை களைதலிற் செலுத்தும் கருத்தை, வாக்கியங்களுக்கு இடையே விடும் வெளியிற் செலுத்துவதில்லை. வெற்றிடத்தாற் பொருட்கு யாது கேடு என்பது அவர் எண்ணம் போலும். அக்கேடு எத்துணைப் பெரிதென்பதை ஈண்டுக் காட்டுதும்.

‘சிவம் வினையை நோக்காது பயனை ஊட்டாது’ என்னும் தொடரை எடுத்துக்காட்டாக யாமே அமைத்துக் கொள்வோம். நோக்காது என்பதனை எதிர்மறை வினையெச்சமாகக் கொண்டு ஒரே தொடராகப் படிப்பின், உயிர்கள் செய்த வினைக்கு ஈடாகவே சிவம் பயனை ஊட்டும் என்னும் சித்தாந்தம் பெறப்படும். அச்சொல்லே அஃறிணை ஒருமை எதிர்மறை முற்றாகவும் வரும். ஆகலின் அதன்பின் அகன்ற வெளியொன்று விழுமாயின், சிவம் வினையை நோக்குவதுமில்லை, பயனை ஊட்டுவதுமில்லை என்றாகி, வினை தானே பயன் தரும் என்னும் மீமாஞ்சகர்க்கு இடங்கொடுக்கும். எழுத்தொன்றும் மாறவில்லை; கொள்கை மாறிற்று.

அற்றேல், ஏட்டுச் சுவடிகளிற் சொல்லிடை வெளியுமில்லை, மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. முன்னோர் மயங்கிலரே எனின், அவர் ஆசிரியரை அடுத்துப் பாடங் கேட்டனர். நிறுத்துமிடத்தை ஆசிரியர் குரலே உணர்த்திற்று. உரையாசிரியரும் என்க, என்பதாம், அற்றேல், அற்றன்று என்னுஞ் சொற்களால் எல்லை வகுத்தனர். அச்சு வந்தபின் தனித்திருந்து கற்பார் பெருகினர். ஆறுமுக நாவலர் (1822–1879) தம் வசன நூல்களில் நிறுத்தக் குறிகளைப் பேணி ஆண்டமை அன்னார்க்குப் பேருதவியாயிற்று.

இனி, இக்கேட்டிற்கு அச்சுத்தொழிலின் இயல்பும் ஒரு காரணம். வரியின் ஈரோரமும் நேராக நிற்றல் வேண்டி, ஈய எழுத்துக் கோப்போர் சொற்களிடையே வெளிக்கட்டைகளைச் செருகினர். இக்காலக் கணிப்பொறியும் வெளியை விரித்து அதனையே செய்கின்றது. தமிழ்ச் சொற்கள் புணர்ந்து நீளுதலின், குறுகிய வரியில் மூன்று நான்கு சொற்களே அமைய, எஞ்சிய வெளி அவற்றிடையே பிளந்து நிற்கும். அங்கே சொல்லிடை வெளி, வாக்கிய வெளியினும் அகன்று தோன்றும். ஆங்கில அச்சில் 19-ஆம் நூற்றாண்டில் முற்றுப்புள்ளியின் பின் அகன்ற வெளி விடுதல் பெருவழக்காயிருந்தது; 20-ஆம் நூற்றாண்டில் அது சொல்லிடை வெளியளவாகச் சுருங்கிற்று. அச்சுருக்கம் செய்தித்தாளுக்கு ஏற்கும். தடையும் விடையும் விரவிய சித்தாந்த உரைக்கு ஏலாது.

அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக்கினார். சிவஞான முனிவரின் மாபாடியத்திலோ பிறர் கூற்றும் அதன் மறுப்பும் அடுத்தடுத்து நிற்கும். அத்தகைய உரைகளைப் பதிப்போர், முற்றுப்புள்ளியின் பின் மட்டுமே அகன்ற வெளி விடுக. சொற்களிடை வெளி மிக விரியுமாயின் வரியின் வலவோரத்தை ஒழுங்கின்றி விட்டுவிடுதலே நன்று. தடை தொடங்குமிடத்தும் விடை தொடங்குமிடத்தும் புதுப்பத்தி அமைக்க. இவற்றை அச்சகத்தார்பால் விட்டுவிடாது, நூலைப் பாடங் கேட்டார் ஒருவரே இறுதித் தாளைப் பார்வையிடல் வேண்டும். ஓரம் நேராக நிற்றலினும் பொருள் நேராக நிற்றலன்றோ கற்பார்க்கு வேண்டுவது!